எல்லையும் கணக்கும்: காரிகையின் சீர் முதல் இராமானுஜனின் இரட்டைச் சமன்பாடு வரை

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது சமணமும் தமிழ் யாப்பும் பற்றிய ஒரு கட்டுரை. எழுத உட்கார்ந்தபோது அது யாப்பில் தொடங்கி, கும்பகோணம், கேம்பிரிட்ஜ், ஆஸ்திரேலியா என்று சுற்றிவிட்டு, கடைசியில் நாம் குடியிருக்கும் இந்த எல்லை ஓரத்துக்கே திரும்பி வந்து நின்றது. வாசகப் பெருமக்கள் பொறுமையோடு கூட வர வேண்டும். பள்ளிக்கூடத்துக் கூட்டல் கணக்குக்கு மேல் எதுவும் தேவைப்படாதபடி எழுதியிருக்கிறேன்.

மார்டள்ளியில் எனக்கு மளிகைக் கடை. எங்கள் குடும்பம் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். தாய்மாமன் கடைக்கு ஒத்தாசையாக வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். நான் வந்து குடியேறியவன். ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழர்களை எல்லாம் அப்படிச் சொல்ல முடியாது. கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, கோடு நகர்ந்தது. ஓர் எல்லை நகர்ந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று மார்டள்ளிக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். நானும் உற்சாகத்தில், "ரோஜர்ஸ் இராமானுஜன் சமன்பாடு என்று வெள்ளைக்காரன் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள், உண்மையில் முழுதும் இராமானுஜனுடையது, எங்கள் ஹேமசந்திரர் இன்றைய இயற்பியலை அன்றே அறிந்திருந்தார்" என்று முழங்கிவிட்டேன். நல்ல கைதட்டல். மறுநாள் காலையில், மைசூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பெண் சர்க்கரை வாங்கக் கடைக்கு வந்தாள்.

"தாத்தா, நேத்து நீங்க பேசினதுல ரெண்டு தப்பு இருக்கு. கோவிச்சுக்காதீங்க. அந்தச் சமன்பாட்டை ராமானுஜனுக்கு முன்னாலேயே ரோஜர்ஸ் அச்சுல போட்டுட்டார். ஹேமசந்திரருக்குத் தெரிஞ்சது செய்யுள் கணக்கு. இயற்பியல் இல்லை."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் தராசில் எடை குறைந்தால் குறைந்ததுதான், கோபித்துக்கொண்டு என்ன செய்ய? "அப்படின்னா சரியானதைச் சொல்லு கண்ணு" என்றேன். தான் படித்துக்கொண்டிருக்கும் பொருள் 'எல்லையுள்ள இன்டெக்ரபிள் அமைப்புகள்' என்றாள். அன்று தொடங்கியது என் படிப்பு. சமணர் வீடுகளில் பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். கடை அடைத்த பிறகு இரவு முழுக்கப் படிக்கலாம். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதை, அன்று சொன்ன தவறுக்குப் பரிகாரமாக இங்கே எழுதுகிறேன்.

காரிகையின் எட்டுச் சீர்

யாப்பருங்கலக்காரிகையை இயற்றிய அமிதசாகரர் சமண முனிவர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவர் என்பர். அந்நூலுக்கு உரை கண்ட குணசாகரரும் சமணரே. தமிழ்ச் செய்யுளுக்கு அசை இரண்டு: நேர், நிரை. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16, ஆகச் சீர் 30. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வாய்ப்பு இருப்பதால் ஒவ்வோர் அசை கூடும்போதும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. இதுவரை பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இப்போது நாமே ஒரு நிபந்தனை போட்டுப் பார்ப்போம். இது காரிகையில் உள்ளதல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது. இரண்டு நிரை அடுத்தடுத்து வரக் கூடாது. மூவசைச்சீர் எட்டில் எத்தனை தேறும்? கருவிளங்காய், கருவிளங்கனி, கூவிளங்கனி மூன்றும் கழியும். தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி, புளிமாங்கனி என்று 5 நிற்கும்.

இன்னும் ஒரு படி போவோம். சீரை நேர்கோடாக வைக்காமல் வளையல்போல வளைத்து, கடைசி அசையை முதல் அசைக்குப் பக்கத்தில் கொண்டுவருவோம். இப்போது புளிமாங்கனியும் கழியும், ஏனெனில் அதன் இரு முனையிலும் நிரை இருக்கிறது. மிஞ்சுவது 4. நிபந்தனை ஒன்றுதான், அசைகளும் அதே மூன்றுதான். ஓரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மாறியது. அதனால் 5 என்பது 4 ஆயிற்று. இக்கட்டுரை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதே.

ஹேமசந்திரரின் எண்கள்

குஜராத்தில் வாழ்ந்த சமண ஆசாரியர் ஹேமசந்திரர், 1150ஐ ஒட்டித் தம் யாப்பு நூலில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இத்தனை மாத்திரை கொண்ட அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? கடைசி எழுத்து குறிலானால் முன்னே ஒரு மாத்திரை குறைந்த அடி, நெடிலானால் இரண்டு மாத்திரை குறைந்த அடி. ஆகவே முந்தைய இரண்டு விடைகளைக் கூட்டினால் அடுத்த விடை. 1, 2, 3, 5, 8, 13, 21 என்று போகும். அவருக்கும் முன்பே விரகாங்கர் இதைக் கண்டிருக்கிறார். பிபனாச்சியின் நூல் வந்தது 1202இல். உலகம் இவற்றைப் பிபனாச்சி எண்கள் என்கிறது.

மேலே நாம் நிரையை வைத்துப் போட்ட கணக்கும் இதே எண்களைத்தான் தரும். கடைசி அசை நேரானால் முன்னே ஓர் அசை குறைந்த வரிசை. கடைசி அசை நிரையானால் அதற்கு முன் கட்டாயம் நேர், அதற்கும் முன்னே இரண்டு அசை குறைந்த வரிசை. அதே கூட்டல். 5 இடம் கொண்ட நேர்வரிசைக்கு 13 வகை, வளையத்துக்கு 11. 10 இடம் என்றால் 144ம் 123ம். 20 இடம் என்றால் 17,711ம் 15,127ம்.

வரிசை நீண்டுகொண்டே போனால் இந்த இரண்டின் வேறுபாடு தேய்ந்து காணாமல் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி ஆகவில்லை. 144ஐ 123ஆல் வகுத்தால் 1.17. 17,711ஐ 15,127ஆல் வகுத்தாலும் 1.17. ஆயிரம் இடம் வைத்தாலும் அதே 1.17 தான். ஒவ்வோர் இடம் கூடும்போதும் எண்ணிக்கை சுமார் 1.618 மடங்கு பெருகுகிறது, இந்த வேகம் வரிசைக்கும் வளையத்துக்கும் ஒன்றே. அது உள்ளே இருப்பவற்றின் குணம். ஆனால் இரண்டு முனைகள் இருந்தன என்ற அடையாளம் எவ்வளவு நீளத்திலும் அழிவதில்லை.

சமணக் கணிதம் என்று பேசும்போது நம் கர்நாடக மண்ணையும் சொல்ல வேண்டும். இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், 850ஐ ஒட்டி, மகாவீராசாரியார் கணிதசாரசங்கிரகம் எழுதினார். இத்தனை பொருளில் இத்தனையைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி என்பதற்குப் பொது விதி அதில் இருக்கிறது. அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு மு. ரங்காசாரியார் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசாங்கம் அச்சிட்டது. அதே 1912இல் அதே சென்னையில் துறைமுகக் கழக அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தவர்தான் இராமானுஜன்.

கிணற்றடியில் தென்னங்கன்று

இராமானுஜனின் சமன்பாட்டைச் சொல்ல ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து நேர்வரிசையாகக் குழிகள்: 1, 2, 3 என்று போய்க்கொண்டே இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு குழியில் தென்னை வைக்கக் கூடாது, வேர் முட்டும். முதல் குழிக் கன்றுக்கு ஒரு குடம், இரண்டாம் குழிக்கு இரண்டு குடம், எத்தனையாவது குழியோ அத்தனை குடம் தண்ணீர். கையில் 9 குடம் இருக்கிறது. மிச்சமில்லாமல் செலவழிய எத்தனை விதமாகக் கன்று வைக்கலாம்?

ஒன்பதாம் குழியில் மட்டும், எட்டும் ஒன்றும், ஏழும் இரண்டும், ஆறும் மூன்றும், ஐந்தும் மூன்றும் ஒன்றும். ஆக 5 வழி. ஐந்தும் நான்கும் ஆகாது, பக்கத்துக் குழிகள்.

இப்போது கிணற்றடியிலேயே, முதல் குழிக்கு முன்னால், தாத்தா காலத்துத் தென்னை ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். அப்போது முதல் குழியில் கன்று வைக்க முடியாது. ஒன்பது, ஏழும் இரண்டும், ஆறும் மூன்றும். 3 வழிதான். ஓரத்தில் ஒரு மரம் நிற்பதால் ஐந்து, மூன்றாயிற்று.

இதுவரை எண்ணிக்கைதான். வியப்பு இனிமேல்தான். 1, 4, 6, 9 என்ற எண்களில் முடியும் நாணயங்கள் மட்டுமே புழங்கும் ஒரு நாட்டில் 9 ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? ஒன்பது நாணயம் ஒன்று, ஆறும் மூன்று ஒன்றும், இரண்டு நாலும் ஓர் ஒன்றும், ஒரு நாலும் ஐந்து ஒன்றும், ஒன்பது ஒன்றுகள். ஆக 5. அடுத்த நாட்டில் 2, 3, 7, 8இல் முடியும் நாணயங்கள் மட்டும். ஏழும் இரண்டும், மூன்று மூன்றுகள், ஒரு மூன்றும் மூன்று இரண்டுகளும். ஆக 3. முதல் நாட்டு விடை மரமில்லாத தோட்டத்து விடை, இரண்டாம் நாட்டு விடை மரமுள்ள தோட்டத்து விடை. 9க்கு மட்டுமல்ல, எந்த எண்ணுக்கும் இப்படியே. தோட்டத்துக்கும் நாணயத்துக்கும் என்ன உறவு என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்ல முடியாது. இந்த இரட்டை உண்மைகள்தாம் ரோஜர்ஸ் இராமானுஜன் சமன்பாடுகள். அவர்கள் அவற்றை முடிவிலாத் தொடர்களாக எழுதினார்கள். எண்ணிக்கையாகப் பார்க்கும் இந்த விளக்கம் மக்மேகன், ஷூர் என்ற கணித அறிஞர்கள் தந்தது.

யார் கண்டது?

இராமானுஜன் 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் சில தொடர் பின்னங்கள் இருந்தன. அதைப் போன்ற எதையும் தாம் பார்த்ததே இல்லை என்று ஹார்டி திகைத்தார். அந்தப் பின்னத்தின் அடியில் இருப்பது மேலே சொன்ன இரண்டு தொடர்களின் விகிதமே: மரமுள்ள தோட்டம், மரமில்லாத தோட்டம். சமன்பாடுகளை இராமானுஜன் கண்டுவிட்டார், ஆனால் நிரூபணம் அவர் கையில் இல்லை. ஹார்டியாலும் முடியவில்லை. 1916இல் மக்மேகன் தம் நூலில் நிரூபணம் இல்லாமலே இவற்றை வெளியிட்டார்.

1917இல் கேம்பிரிட்ஜில் பழைய சஞ்சிகைத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த இராமானுஜன் கண்ணில், 1894இல் எல். ஜே. ரோஜர்ஸ் எழுதிய கட்டுரை பட்டது. அதே சமன்பாடுகள், நிரூபணத்தோடு. இருபதாண்டுக்கு மேலாக யாரும் கவனிக்காமல் கிடந்தது. இராமானுஜன் அதை மறைக்கவில்லை. ரோஜர்ஸின் ஆற்றலை வியந்தார். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. 1919இல் ரோஜர்ஸின் புதிய நிரூபணமும் இராமானுஜனின் நிரூபணமும் ஒரே இடத்தில் அச்சாயின. போர்க்காலத்தில் ஜெர்மனியில் இருந்த ஷூரும் 1917இல் தனியாக இவற்றைக் கண்டு நிரூபித்திருந்தார். 1920 ஏப்ரல் 26இல் இராமானுஜன் மறைந்தார். வயது 32.

மேடையில் நான் ரோஜர்ஸின் பெயரை வெட்டிவிட்டு முழுதும் நம்முடையது என்று கணக்கெழுதினேன். இராமானுஜனோ தம் கையாலேயே அந்தப் பற்றை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெருமைக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை.

பத்தாயிரத்தில் ஒரு பங்கு

இதற்கும் இயற்பியலுக்கும் என்ன சம்பந்தம்? அறுபதாண்டு காலம் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தேனடைபோல அறுகோணக் கட்டங்கள் பரப்பிய ஒரு தளத்தை நினையுங்கள். ஒரு கட்டத்தில் துகள் உட்கார்ந்தால் அதைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் காலியாக இருக்க வேண்டும். நம் தென்னை விதிதான், வரிசைக்குப் பதில் தளம். கிராஃபைட் மேல் படியும் ஹீலியம் அணுக்கள் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கின்றன. கட்டம் ஒன்றுக்கு வகைகளின் எண்ணிக்கை எவ்வளவு மடங்கு பெருகும்? நேர்வரிசைக்கு 1.618 என்று பார்த்தோம். தளத்துக்கு என்ன?

1978இல் மெட்காஃப், யாங் என்ற இருவர் கணிப்பொறியில் கணக்கிட்டு, அந்தப் பெருக்கத்தின் மடக்கை சரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.3333 என்று இருக்கலாம் என ஊகித்தனர். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் இருந்த ராட்னி பாக்ஸ்டர், சாங் என்பவரோடு சேர்ந்து இன்னும் நுட்பமாகக் கணக்கிட்டார். வந்தது 0.33324. வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 'கிட்டத்தட்ட சரி' என்று விட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். என் மாமா ஐம்பது பைசா இடிக்கிறது என்று இரவு பதினோரு மணி வரை பேரேட்டைப் புரட்டுவார். பாக்ஸ்டரும் விடவில்லை. அந்தக் கணக்கின் உள்ளே ஓர் ஒழுங்கு தெரிவதைப் பிடித்துக்கொண்டு, 1980இல் முழுத் தீர்வையும் கண்டுவிட்டார்.

அவர் செய்த உபாயம் இது. தளத்தை நடுவிலிருந்து மூலை மூலையாகப் பிரித்தார். நடுக் கட்டத்திலிருந்து வெளி விளிம்பு வரை போகும் ஒரு வரிசையின் கணக்காக எல்லாம் சுருங்கியது. அடுத்தடுத்து இரண்டு நிரம்பக் கூடாது, இடத்தின் எண்ணுக்கேற்ற எடை. நம் கிணற்றுத் தோட்டமேதான்! துகள் குறைவாக உள்ள நிலையில், நடுக் கட்டம் காலியானால் ஒரு தொடர், நிரம்பியிருந்தால் மற்றொரு தொடர். இரண்டும் இராமானுஜனின் இரட்டைத் தொடர்கள். கும்பகோணத்துக்காரர் கடிதத்தில் எழுதிய விகிதம், 67 ஆண்டு கழித்து, அணுக்கள் உட்காரும் கணக்கில் வந்து நின்றது.

துகள்களின் நெருக்கம் கூடிக்கொண்டே போனால் ஓர் அளவில், கலைந்து கிடந்தவை திடீரென ஒழுங்குக்கு வருகின்றன. நெருக்கத்தை அளக்கும் எண் அப்போது 11.09. அது வேறொன்றுமில்லை, 1.618ஐ ஐந்து முறை தன்னோடு பெருக்கினால் வருவது. ஹேமசந்திரரின் கூட்டல் விதியில் பிறந்த அதே எண்.

அந்த அளவுக்கு மேலே, இந்த மலரைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று நடக்கிறது. கட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம், ஒழுங்கு வந்தபின் ஏதேனும் ஒரு வகை மேலோங்கும். எந்த வகை? உள்ளே பார்த்தால் மூன்றும் சமம். வெளி விளிம்பில் எந்த வகையை நிரப்பி வைத்திருக்கிறோமோ, விளிம்பு எவ்வளவு தொலைவில் இருந்தாலும், நடுவிலும் அதுவே மேலோங்கும். ஓரம்தான் தீர்மானிக்கிறது.

இதே காலத்தில்தான் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இராமானுஜனின் 'தொலைந்த நோட்டு' என்று இப்போது வழங்கும் தாள்களைக் கண்டெடுத்திருந்தார். 1984இல் ஆண்ட்ரூஸ், பாக்ஸ்டர், ஃபாரஸ்டர் மூவரும் இத்தகைய மாதிரிகள் பலவற்றைத் தீர்த்தனர். ஒவ்வொன்றிலும் இராமானுஜன் வகைச் சமன்பாடுகள் வந்தன.

எல்லையிலும் ஒழுங்கு உண்டா?

இயற்கையில் பெரும்பாலான கணக்குகளுக்கு முழு விடை கிடையாது. சூரியனும் பூமியும் மட்டும் என்றால் பாதையை எழுதிவிடலாம். மூன்றாவது ஒன்று சேர்ந்தால் பொதுவாக முடியாது. ஆனால் சில அமைப்புகளில் எத்தனை துகள் இருந்தாலும் முழுத் தீர்வு காணலாம். அவையே இன்டெக்ரபிள் அமைப்புகள். அவற்றுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. மூன்று வியாபாரிகள் இருவர் இருவராக உட்கார்ந்து கணக்குத் தீர்க்கிறார்கள். யார் யாரோடு முதலில் உட்கார்ந்தாலும் கடைசியில் மூவர் கையிலும் உள்ளது ஒன்றேயானால் அங்கே குழப்பமே வராது. துகள்கள் இருவர் இருவராக மோதுவதற்கும் இதே விதி. 1967இல் சி. என். யாங்கும் 1972இல் பாக்ஸ்டரும் தனித்தனியே கண்டதால் யாங்-பாக்ஸ்டர் சமன்பாடு என்பர்.

1931இல் ஹான்ஸ் பெதே காந்தச் சங்கிலி ஒன்றை முதன்முதலில் இப்படித் தீர்த்தபோது, சங்கிலியை வளையமாக மூடிக்கொண்டார். வளையத்துக்கு ஓரம் இல்லை, தொல்லையும் இல்லை. ஆனால் உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஓரம் உண்டு. சுவர் வைத்தால் ஒழுங்கு கெட்டுவிடுமா? 1971இல் கோதான் சுவருக்குள் அடைத்த துகள்களுக்கும் தீர்வு கண்டார். 1984இல் செரெட்னிக், சுவரில் மோதித் திரும்பும் துகளுக்கான விதியை எழுதினார். 1988இல் லெனின்கிராடில் இருந்த ஸ்கிலானின் அதைப் பொது முறையாக்கினார். இரண்டு துகள்கள் சுவரை நோக்கிப் போகின்றன. அவை முதலில் ஒன்றோடொன்று மோதிப் பிறகு சுவரில் மோதினாலும், ஒன்று சுவரில் மோதித் திரும்பி வந்து மற்றதைச் சந்தித்தாலும், கடைசிக் கணக்கு ஒன்றாக வரும்படி ஒரு சுவர் இருந்தால், அந்த அமைப்பு ஓரத்தோடும் முழுத்தீர்வு தரும். எல்லாச் சுவரும் அப்படி இராது. உள்ளே இருக்கும் ஒழுங்கோடு பொருந்தும் சுவர்களும் உண்டு, பொருந்தாதவையும் உண்டு. எந்தச் சுவர் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தப் பெண் மைசூரில் உட்கார்ந்து போடும் கணக்கு.

தமிழ்நாட்டிலும் இத்துறை வேர் பிடித்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி. எம். மாத்யூஸும் அவர் மாணவர் மு. லட்சுமணனும் 1974இல் கண்ட அலையி இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. 1977இல் லட்சுமணன், காந்தச் சங்கிலியின் சமன்பாடும் ஒளியிழைகளில் துடிப்பு செல்வதை விளக்கும் சமன்பாடும் உள்ளுக்குள் ஒன்றே என்று காட்டினார். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அவர் வளர்த்த நேரியலல்லா இயக்கவியல் மையத்திலிருந்து பலர் இத்துறைக்கு வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இதைப் படிக்கக் கான்பெராவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

வரவும் பற்றும்

வியாபாரி என்ற முறையில் கணக்கை நேராக எழுதி முடிக்கிறேன். அமிதசாகரர் சீரை எண்ணினார், அணுவை எண்ணவில்லை. ஹேமசந்திரர் மாத்திரையை எண்ணினார், அந்த எண்கள் தேனடைத் தளத்தில் வரும் என்று அவருக்குத் தெரியாது. இராமானுஜனுக்கும் தெரியாது. சமன்பாட்டை முதலில் நிரூபித்தவர் ரோஜர்ஸ். அணுக் கணக்கைத் தீர்த்தவர் பாக்ஸ்டர். இத்தனை பேரையும் அவரவர் இடத்தில் எழுதிய பிறகும் நம் பக்கத்து வரவு குறைவாக இல்லை. பொய் வரவு எழுதித்தான் நிரப்ப வேண்டும் என்ற நிலையில் நாம் இல்லை. வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழின் பெருமையைச் சொல்லும்போது இந்த எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். அவர்கள் நாளைக்கு மைசூரிலோ பெங்களூரிலோ வகுப்பில் அதைச் சொல்லுவார்கள். அங்கே ஒன்று பொய்யானால் எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

எல்லையைப் பற்றியும் ஒன்று. 1956இல் நகர்ந்த கோட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நாம் ஓரத்தில் கிடக்கிறோம், இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவர்கள் என்று எங்கள் ஊரில் சிலர் பேசுவதுண்டு. நானும் பேசியிருக்கிறேன். மனிதர்கள் துகள்கள் அல்லர், ஆகவே கணிதத்திலிருந்து ஆறுதல் எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று அந்தப் பெண் சொல்லுவாள். சரிதான். ஆனாலும், ஓரம் என்றால் கணக்கில் சேராத இடம் என்ற எண்ணம் மட்டும் எனக்குப் போய்விட்டது. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக வளர்ந்த பெண்தான், அறுபது வயதுக்காரனின் தவறைச் சர்க்கரை வாங்க வந்த இடத்தில் திருத்தினாள்.

இம்மலரை வீட்டுக்குக் கொண்டுபோகும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் 10 குடம் கணக்கைக் கொடுங்கள். கிணற்றடியில் மரம் இல்லாவிட்டால் 6, இருந்தால் 4 வர வேண்டும். நாணயத்தில் போட்டாலும் அதே விடை வர வேண்டும். வராவிட்டால் மார்டள்ளிப் பக்கம் வரும்போது என் கடைக்கு அழைத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.